ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்: பார்வைப் பரிசோதனை முகாம்களில் தெரியவரும் கண் நோய்கள்



கண் பரிசோதனை முகாமுக்கு வருகிறவர்களில் பலர் பெயர் பதிகிற மேசையிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள்: "எனக்கு ஒண்ணும் இல்லை. வீட்டுல உள்ளவங்களைக் கூட்டிட்டு வந்தேன், சும்மா எனக்கும் பார்த்துடுங்க." பிறகு வலது கண்ணை மூடச் சொல்லி, எதிரே உள்ள எழுத்து அட்டையை இடது கண்ணால் வாசிக்கச் சொல்வார்கள். சிலர் அந்த இடத்தில் திகைத்து நின்றுவிடுவார்கள். மேல் வரியில் இருக்கும் மிகப் பெரிய எழுத்துகூடத் தெரியாது. எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் காட்டுவதை வைத்தே மூளை சமாளித்துக்கொள்கிறது. ஒரு கண் மெல்ல மெல்ல மங்கினால் அது நமக்குத் தெரிவதில்லை. பல கண் நோய்களில் வலி இருக்காது, சிவப்பு இருக்காது, நீர் வடியாது. "வலிக்கலையே, அப்புறம் ஏன் டாக்டரிடம் போகணும்?" என்ற கேள்விதான் நம் மக்களிடையே பலருடைய பார்வையைப் பறித்திருக்கிறது.

முகாம்களில் அடிக்கடி தெரியவரும் நோய்கள் எவை, அவற்றில் எதைச் சரிசெய்யலாம், எதைத் தடுத்து நிறுத்த மட்டுமே முடியும் என்பதை இங்கே விளக்குகிறோம்.

முகாமில் என்ன பார்க்கிறார்கள்?

எழுத்து அட்டையை 1862-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் ஸ்னெல்லன் உருவாக்கினார். 6 மீட்டர், அதாவது ஏறக்குறைய 20 அடி தூரத்தில் நின்று அதை வாசிக்க வேண்டும். சீட்டில் 6/6 என்று எழுதினால் பார்வை இயல்பாக இருக்கிறது என்று பொருள். 6/60 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரில் நின்று பார்க்கும் எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் பார்க்க முடிகிறது என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. அவர்களுக்கென்று 'ஈ' வடிவம் மட்டும் உள்ள அட்டை உண்டு. அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று விரலால் காட்டினால் போதும்.

எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றால், ஊசித்துளை போட்ட ஒரு சிறு கறுப்புத் தட்டைக் கண் முன் பிடித்து மறுபடி வாசிக்கச் சொல்வார்கள். துளை வழியே எழுத்து தெளிவானால் பெரும்பாலும் அது கண்ணாடியால் தீரக்கூடிய குறை. துளை வழியேயும் தெளியவில்லை என்றால் லென்சிலோ, விழித்திரையிலோ, பார்வை நரம்பிலோ நோய் இருக்கலாம். பெரிய கருவிகள் இல்லாத ஒரு பள்ளிக்கூட அறையிலேயே இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துவிடலாம். அதன் பிறகே கண் அழுத்தம், இரத்த அழுத்தம், சர்க்கரை, மருத்துவரின் நேரடிப் பரிசோதனை எல்லாம் வரும்.

கண்ணாடி போட்டால் தீரும் குறைகள்

தூரத்தில் இருப்பது தெரியாமல் அருகில் இருப்பது மட்டும் தெரிவது கிட்டப்பார்வை. அருகில் உள்ளதைப் பார்க்கச் சிரமப்படுவது தூரப்பார்வை. நாற்பது வயதை ஒட்டி ஏறக்குறைய எல்லோருக்கும் வருவது வெள்ளெழுத்து. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் உள்ளதைக் குவித்துப் பார்க்கும் திறன் குறைவதால் இது வருகிறது. குர்ஆன் ஓதும்போது கையை நீட்டி நீட்டிப் பிடிப்பது, ஊசியில் நூல் கோர்க்கப் பேத்தியைக் கூப்பிடுவது, அரிசியில் கல் பொறுக்க முடியாமல் போவது ஆகியவையே இதன் முதல் அடையாளங்கள்.

வெள்ளெழுத்தைச் சாதாரணக் குறை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் தையல் மிஷினில் உட்காருகிறவருக்கும், பீடி சுற்றும் பெண்ணுக்கும், பத்தமடையில் மெல்லிய கோரையைக் கொண்டு பாய் நெய்கிறவருக்கும் அது வருமானத்தைத் தொடும் விஷயம். அஸ்ஸாமில் 40 வயதைக் கடந்த தேயிலைத் தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்து நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. கண்ணாடி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக இலை பறித்தார்கள் என்பது அதன் முடிவு. சில நூறு ரூபாய்க் கண்ணாடி ஒரு குடும்பத்தின் கூலியை உயர்த்தியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கடையில் தொங்கும் கண்ணாடியை நீங்களாகவே போட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டு, கண்ணைப் பரிசோதிக்காமலே காலத்தைக் கடத்தாதீர்கள். நாற்பது வயதில் வெள்ளெழுத்துக்காகக் கண் மருத்துவரிடம் போவதுதான் மற்ற நோய்களையும் நேரத்தோடு கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு.

கண்புரை: காத்திருக்க வேண்டாம்

2015 முதல் 2019 வரை நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், 50 வயதைக் கடந்தவர்களிடம் காணப்பட்ட பார்வையின்மையில் ஏறக்குறைய 66 விழுக்காட்டுக்குக் கண்புரையே காரணம் எனத் தெரிந்தது. அதாவது, பார்வை இழந்த மூவரில் இருவருக்கு அறுவைச் சிகிச்சை மூலம் பார்வையைத் திரும்பப் பெறும் வாய்ப்பு இருந்தது.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். வயதாகும்போது அது பால் படிந்ததுபோல் மங்குகிறது. அதுதான் புரை. சர்க்கரை நோய், கண்ணில் பட்ட அடி, நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து, புகைபிடித்தல் ஆகியவை அதை முன்கூட்டியே கொண்டுவரும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரிவது, வெயிலில் கண் கூசுவது, நிறங்கள் வெளுத்துத் தெரிவது, கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறுவது ஆகியவை இதன் அறிகுறிகள். சொட்டு மருந்தால் புரை கரையாது. அப்படிச் சொல்லி விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

"புரை நன்றாக முற்றட்டும், பிறகு எடுக்கலாம்" என்று சொன்னது பழைய காலம். அப்போது லென்சை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடியை மாட்டி அனுப்பினார்கள். இப்போது எடுத்த இடத்திலேயே செயற்கை லென்ஸ் வைக்கப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த இந்த லென்சை மதுரையில் 1992-ல் தொடங்கப்பட்ட அரோலேப் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, ஏழைகளுக்கும் அது எட்டியது. புரை அளவுக்கு மீறி முற்றினால் அறுவைச் சிகிச்சை கடினமாகும். கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெட்டுப்போகவும் கூடும். அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சல் செய்கிறது என்றால் அதுவே தகுந்த நேரம்.

நம் ஊர்களில் ஒரு காரணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "மகன் சவூதியில இருக்கான், லீவுல வரட்டும், கூட இருந்து பார்த்துக்குவான்." இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் மகன், வந்த 40 நாளில் கல்யாணம், வீட்டு வேலை என்று ஓடித் திரும்பிப் போய்விடுவான். உம்மாவின் கண் அடுத்த விடுமுறைக்கு ஒத்திவைக்கப்படும். இதற்குள் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வதும் நடக்கிறது. இன்று பெரும்பாலான கண்புரை அறுவைச் சிகிச்சைகள் அரை மணி நேரத்துக்குள் முடிகின்றன. துணைக்கு மருமகளோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ, ஜமாஅத்தில் ஒருவரோ வந்தால் போதும். வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். நீங்கள் வரும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். "இந்த வாரமே போயிட்டு வாங்க உம்மா" என்று போனில் சொல்லுங்கள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து சில மாதம் அல்லது சில ஆண்டு கழித்துப் பார்வை மறுபடி மங்கினால் "புரை திரும்ப வந்துவிட்டது" என்று பயப்படுவார்கள். புரை திரும்ப வருவதில்லை. செயற்கை லென்சைத் தாங்கும் சவ்வு மங்கியிருக்கும். லேசர் மூலம் சில நிமிடங்களில் அதைச் சரிசெய்துவிடலாம்.

கண் நீர் அழுத்த நோய்: போனால் திரும்பாது

புரையால் போன பார்வை திரும்ப வரும். கண் நீர் அழுத்த நோயால் போனது திரும்பாது. இந்த வேறுபாட்டை ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டும். கிளாகோமா என்று சொல்வதும் இதைத்தான்.

கண்ணுக்குள் ஒரு திரவம் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கிறது. வடிகால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நசுக்குகிறது. வழக்கமாக 10 முதல் 21 வரை உள்ள அழுத்தத்தை இயல்பு என்பார்கள். ஆனால் அழுத்தம் அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. அதனால்தான் மருத்துவர் நரம்பையும் சேர்த்துப் பார்க்கிறார். பார்வை முதலில் ஓரங்களில் மறையும். நேரே இருப்பது நன்றாகத் தெரிவதால், இந்த நோய் உள்ள ஒருவர் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிடக்கூடும். ஆகவே அட்டையை வாசித்ததோடு "எனக்கு எல்லாம் நல்லா தெரியுது" என்று எழுந்து போய்விடாதீர்கள். அழுத்தமும் நரம்பும் பார்க்கப்பட்ட பிறகே பரிசோதனை முடிகிறது.

பக்கத்தில் வருகிறவர்மீது இடித்துக்கொள்வது, படி தவறுவது போன்றவை நோய் முற்றியதன் அடையாளங்கள். இன்னொரு வகையில் திடீரென்று கடும் கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் ஆகியவை வரும். அதை ஒற்றைத் தலைவலி என்றோ பித்தம் என்றோ எண்ணி மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள். அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். 40 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து, லேசர், அறுவைச் சிகிச்சை ஆகியவை இருக்கும் பார்வையைக் காக்கும். மருந்து போட்டதும் பார்வை கூடுவதில்லை என்பதால் "பிரயோஜனம் இல்லை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த மருந்தின் பிரயோஜனம், இருப்பதை இழக்காமல் இருப்பதுதான்.

சர்க்கரை நோயும் விழித்திரையும்

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. 50 வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு விழித்திரை பாதிப்பு இருப்பதாகத் தேசிய ஆய்வு காட்டியது.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். சர்க்கரை அதிகமாக இருந்தால் அதில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசியும், பின்னர் அடைபடும், அந்த இடத்தில் வலுவில்லாத புதுக் குழாய்கள் முளைத்து உடையும். இதிலும் தொடக்கத்தில் அறிகுறி எதுவும் இருக்காது. கண் முன்னே கறுப்புத் திரை விழுந்தது போலத் தெரியும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும்.

முதியவயதில் வரும் வகை என்றால் சர்க்கரை இருப்பது தெரிந்த உடனே ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ள பெண்கள் கர்ப்பமானால் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும். கண்ணில் மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்ப்பார்கள். அல்லது கேமராவால் விழித்திரையைப் படம் எடுப்பார்கள். பாப்பாவை விரித்தால் சில மணி நேரம் மங்கலாகத் தெரியும்; அன்று வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். லேசரும் கண்ணில் போடும் ஊசியும் பார்வையைக் காக்கும். ஆனால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லை என்றால் எந்தச் சிகிச்சையும் நிலைக்காது.

பிள்ளைகளின் கண்

தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று பிள்ளை சொல்லாது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொள்ளும். கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, டிவிக்கு மிக அருகில் போய் உட்காருவது, கண்ணை இடுக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது ஆகியவற்றைப் பெற்றோரும், பள்ளி ஆசிரியர்களும், மதரஸா உஸ்தாதுமார்களும் கவனிக்க வேண்டும். "மக்குப் பிள்ளை" என்று பெயர் வாங்கிய சில பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது ஒரு கண்ணாடிதான்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். ஒரு கண் மாறியிருந்தாலும், ஒரு கண்ணுக்கு மட்டும் பவர் அதிகமாக இருந்தாலும் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடும். இதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மூடிப் பழக்கினால் நல்ல பலன் கிடைக்கும். வயது ஏற ஏறப் பலன் குறையும்.

"பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க" என்று மறுக்கும் தாய்மார்களும் உண்டு. கண்ணாடி போட்டால் பவர் கூடும் என்பது தவறான நம்பிக்கை. போடாமல் இருந்தால் படிப்பு போகும். சிறு வயதில் கண்ணே சோம்பிப்போகும். இதில் பெண் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஆண் பிள்ளைக்கு ஒரு நியாயம் வேண்டாம். தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் விளையாடவிட்டால் கிட்டப்பார்வை வருவது குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. செல்போனை வாங்கி வைத்துவிட்டு வெளியே அனுப்புங்கள்.

கைக்குழந்தைகள் பற்றி மூன்று செய்திகள். குழந்தையின் பாப்பா வெள்ளையாகத் தெரிந்தாலோ, போட்டோவில் ஒரு கண் மட்டும் வெண்மையாக மின்னினாலோ தாமதிக்காதீர்கள். அது பிறவிப் புரையாகவோ, உயிருக்கே ஆபத்தான விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கலாம். குறைமாதத்திலோ 2 கிலோவுக்குக் குறைவான எடையிலோ பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். 9 மாதம் முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் தரும் வைட்டமின் ஏ மருந்தைத் தவறவிடாதீர்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை, ஈரல் ஆகியவையும் மாலைக்கண் வராமல் காக்கும். வளர்ந்த பிள்ளைக்கு இரவில் பார்வை குறைந்துகொண்டே போனால் அது பரம்பரையாக வரும் விழித்திரை நோயாகவும் இருக்கலாம். நெருங்கிய உறவில் தொடர்ந்து திருமணம் செய்யும் குடும்பங்களில் இத்தகைய நோய்கள் கூடுதலாகக் காணப்படுகின்றன.

கண் சிவப்பு, காயம், சுருமா

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். கையைக் கழுவுவதும், துண்டையும் தலையணையையும் தனியாக வைத்துக்கொள்வதும் போதும். ஆனால் கண்ணில் நெற்தாளோ குச்சியோ மண்ணோ பட்டுச் சிவந்தால் அது வேறு விஷயம். கருவிழியில் புண் உண்டாகி, ஆறிய பின் வெள்ளைத் தழும்பாக நிற்கும். பூ விழுந்த கண் என்று சொல்வது இதைத்தான். தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் என்று எதையும் விடாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

மருந்துக் கடையில் "கண் சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து" என்று கேட்டு வாங்குவது பெரிய ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். முதல் நாளில் சிவப்பு மறைந்து நிம்மதி தரும். நம் பகுதியில் கருவிழிப் புண்களில் பெரும் பங்கு பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். மாதக்கணக்கில் போட்டால் அதுவே கண் அழுத்தத்தையும் புரையையும் கொண்டுவரும்.

கடலிலும் உப்பளத்திலும் வெயிலிலும் உழைப்பவர்களுக்குக் கண்ணின் மூக்கோரத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறும். எல்லாவற்றுக்கும் அறுவைச் சிகிச்சை தேவையில்லை. பாப்பாவை நெருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் உதவும்.

சுருமா இடுவது நம்மிடையே மதிப்புக்குரிய வழக்கம். ஆனால் கடைகளில் சுருமா என்ற பெயரில் விற்கப்படும் பல பொடிகளில் ஈயம் இருப்பதைப் பல நாடுகளில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஈயம் குழந்தைகளின் இரத்தத்தில் கலந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடியைக் குழந்தையின் கண்ணில் இடாதீர்கள். ஒரே குச்சியை வீட்டில் எல்லோரும் பயன்படுத்துவதும் நோயைப் பரப்பும்.

தொழுகையும் நோன்பும்

அறுவைச் சிகிச்சைக்குத் தயங்குகிறவர்கள் பலர் கேட்பது: "ஸஜ்தா செய்யக் கூடாது என்பார்களே, தொழுகை என்னாவது?" குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொல்வது சில நாட்களுக்குத்தான். அதுவரை நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழுவது, ஒளுவை எப்படிச் செய்வது என்பதெல்லாம் பற்றி உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் இலகுவைத் தந்திருக்கிறது.

ரமலானில் கண் நீர் அழுத்த மருந்தை ஒரு மாதம் நிறுத்துகிறவர்களும் உண்டு. அந்த ஒரு மாதத்தில் இழந்த பார்வையைப் பெருநாளன்று திரும்பப் பெற முடியாது. ஷாபான் மாதத்திலேயே மருத்துவரிடம் நோன்பு வைப்பதைச் சொல்லுங்கள். இரவில் ஒருமுறை மட்டும் போடும் மருந்துகள் உண்டு. மற்றவற்றையும் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மாற்றித் தரலாம். பகலில்தான் போட வேண்டும் என்றால் ஆலிமிடம் விளக்கம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காது. கண்ணிலும் நன்றாக வேலை செய்யும்.

முகாம் முடிந்த பிறகு

முகாமில் கொடுத்த சீட்டு அலமாரியில் கிடந்தால் பலன் இல்லை. "மேல் சிகிச்சைக்கு" என்று எழுதப்பட்டவர்களில் பலர் மருத்துவமனைக்குப் போவதில்லை. தனியாகப் போகத் தெரியாமை, பேருந்துச் செலவு, ஒரு நாள் கூலி, பயம் ஆகியவையே காரணங்கள். பெண்களுக்கு, கூட வர ஆள் இல்லாததும் சேர்கிறது. பணம் தடையாக இருக்க வேண்டியதில்லை. 1976-ல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் கண்புரை அறுவைச் சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. அதே ஆண்டில் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவையும் முகாம் நோயாளிகளுக்கு இலவசச் சிகிச்சை தருகின்றன. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் மக்களுக்குச் சேவை செய்துவருகிறது. குறையாக இருப்பது கூடச் செல்லும் ஒரு கை. உங்கள் தெருவில் சீட்டு வாங்கி வந்த ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதை இந்த மாதம் ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்று இஷாவுக்குப் பிறகு வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிடுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டிக்கு எதிரே நின்று, கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு, ஒரு கண்ணைக் கையால் மூடித் தேதியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண். இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி தெரியவில்லை என்று யாராவது சொன்னால், இன்ஷா அல்லாஹ் இந்த வாரமே அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தால் அல்ஹம்துலில்லாஹ். அப்போதும் நாற்பதைக் கடந்தவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போவதை விட்டுவிட வேண்டாம்.